கெட்டாலும் கேடு செய்யாதபடி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஓரளவு பெரிய ஊர் எதை எடுத்துக்கொண்டாலும், அதன் நகராட்சிக்குச் சொந்தமான கிடங்கு ஒன்றின் ஓரத்தில், சாலைப் பலகைகளையும் சிக்னல் விளக்குகளையும் பராமரிப்பதற்கென்றே ஒரு பட்டறை இருக்கும். அந்தப் பட்டறைக்கு ஆள் சேர்க்கும்போது பல ஊர்களில் தேர்ந்த தொழிலாளியைத் தேடி அலைவதில்லை; உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தவராய், வண்டி ஓட்டும் லைசென்ஸ் உடையவராய், உயரத்துக்கு அஞ்சாதவராய், சிவப்புக்கும் பச்சைக்கும் பேதம் தெரிகிற கண் படைத்தவராய் ஒருவர் கிடைத்தால், அவரைத் தொழில் பழகுநராக அமர்த்தி, மூத்தவர்களின் கீழே சில காலம் விட்டு, வேலையை வேலையின் மூலமாகவே கற்பிக்கிறார்கள்.

கற்க வேண்டியது கொஞ்சமல்ல. மின்சாரம் தெரிய வேண்டும், மண் தோண்டத் தெரிய வேண்டும், தகரம் வெட்டவும் மரம் கழிக்கவும் கனரக வண்டி ஓட்டவும் தெரிய வேண்டும். இவை அனைத்துக்கும் மேலாக, பிற தொழில்களில் அவ்வளவாகக் காணக்கிடைக்காத ஒரு விசித்திரமான மனோபாவமும் வேண்டும். மற்ற யந்திரங்களைச் செய்கிறவர்கள் தம் யந்திரம் கெடாமல் ஓடவேண்டும் என்பதிலேயே கண்ணாக இருப்பார்கள். சாலைச் சந்தியில் வேலை செய்கிறவர்களோ, இது ஒருநாள் கெடத்தான் போகிறது என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, கெடும் வேளையில் ஒருவருக்கும் கேடு நேராதபடி கெடுவதற்கு வழி வகுத்து வைக்கிறார்கள். பழகுநர் கற்கும் வித்தையின் சாரம் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

உலகத்தின் முதல் சிக்னலே இந்தப் பாடத்தைத் தலைகீழாகக் கற்பித்தது. லண்டனில் பார்லிமெண்டு மாளிகைக்கு அருகில், 1868-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ரெயில்வே எஞ்சினியரான ஜே. பி. நைட் என்பவரின் யோசனைப்படி, பகலில் ரெயில் கைகாட்டியைப் போலக் கரம் நீட்டியும் இரவில் சிவப்பும் பச்சையுமாக வாயு விளக்கு எரிந்தும் வண்டிகளை நிறுத்துகிற கம்பம் ஒன்றை நாட்டினார்கள். ஒரு போலீஸ்காரர் அடியில் நின்று அதைக் கையால் இயக்கிவந்தார். அடுத்த மாதமே வாயு கசிந்து விளக்கு வெடித்து, இயக்கிய போலீஸ்காரரே படுகாயமுற்றார். அதன் பிறகு, அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில் 1914 ஆகஸ்டு 5-ஆம் தேதி மின்சார சிக்னல் ஏற்றப்படும் வரையிலும், டெட்ராய்ட் நகரத்துப் போலீஸ் அதிகாரி வில்லியம் பாட்ஸ் 1920-இல் இடையே மஞ்சளையும் சேர்த்து நாற்புறமும் காட்டும் மூவர்ண விளக்கைச் சமைக்கும் வரையிலும், இந்தக் கலை பெரிதாக முன்னேறவில்லை.

பழகுநருக்கு முதல் பாடம் விளக்கும் அல்ல, பலகையும் அல்ல. ஓடும் வண்டிகளுக்கு நடுவே நின்று வேலை செய்துவிட்டு உயிரோடு வீடு திரும்புவது எப்படி என்பதே. பளிச்சென்ற மேலங்கியை மாட்டிக்கொண்டு, ஆரஞ்சு நிறக் கூம்புகளைச் சரிவாக வரிசைப்படுத்தி, ஒரு தடத்தில் வருகிற வண்டிகளைச் சிறிது சிறிதாக அடுத்த தடத்துக்கு ஒதுக்க வேண்டும். அந்தச் சரிவு எவ்வளவு நீளம் இருக்கவேண்டும் என்பதும் மனம்போன போக்கில் தீர்மானிப்பதன்று. மணிக்கு 40 மைலும் அதற்குக் குறைவுமான வேகம் உள்ள தெருக்களில், வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, வந்ததைத் தடத்தின் அகலத்தால் பெருக்கி, 60-ஆல் வகுக்கவேண்டும் என்பது விதி. 12 அடித் தடமும் 30 மைல் வேகமும் என்றால் 180 அடி. கூம்புகளை வண்டி வரும் திசையிலிருந்து வைத்துக்கொண்டே போய், எடுக்கும்போது கடைசியில் வைத்ததை முதலில் எடுத்துக்கொண்டு திரும்பவேண்டும். மாற்றி எடுத்தால், எடுக்கிறவருக்கு முன்னே தடுப்பு ஒன்றும் மிஞ்சாது.

அடுத்தது பலகை. அலுமினியத் தகட்டின்மேல் ஒட்டப்படுகிற பிரதிபலிப்புத் தாளில்தான் அதன் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது. சாதாரணக் கண்ணாடி, தன்மேல் சாய்வாக விழும் ஒளியை வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடும். இந்தத் தாளில் பதிந்துள்ள நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ, எந்தத் திசையிலிருந்து ஒளி வந்ததோ அந்தத் திசைக்கே அதைத் திருப்பி அனுப்புகின்றன. ஆகையால் காரின் முன்விளக்கிலிருந்து புறப்பட்ட ஒளி, அந்தக் காரை ஓட்டுகிறவரின் கண்ணுக்கே மீண்டு வருகிறது. பலகைக்குத் தனியாக விளக்கு வேண்டியதில்லை. பட்டறை மேஜையில் தகட்டை எண்ணெய்ப் பசையின்றித் துடைத்து, தாளின் முதுகுக் காகிதத்தை ஓர் ஓரத்தில் மட்டும் உரித்துத் தகட்டின் விளிம்போடு பொருத்தி, உருளைக்குள் மெல்லச் செலுத்தும்போது, காற்றுக் குமிழி ஒன்று சிக்கினாலும் அந்த இடத்தில் பிற்காலத்தில் தண்ணீர் புகுந்து தாள் உப்பிவிடும் என்று மூத்தவர் எச்சரிப்பார். ஒட்டி முடித்ததும் பலகையின் முதுகில், அது நாட்டப்படும் மாதமும் வருஷமும் குறித்த ஒரு சிறு சீட்டையும் ஒட்டுவது பல ஊர்களில் வழக்கம். ஏனென்றால் இந்தத் தாளுக்கும் ஆயுள் உண்டு. வெயிலில் பத்து வருஷம் காய்ந்தால் பகலில் நன்றாகத் தெரியும் பலகையும் இரவில் குருடாகிவிடும்.

அவ்வாறு குருடான பலகைகளைக் கண்டுபிடிப்பதற்கு மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் ஒப்புக்கொண்டிருக்கும் முறைகளுள் ஒன்றைக் கேட்டால் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கும். ஒளியை அளக்கும் கருவி கைவசம் இல்லாவிட்டால், 60 வயதுக்குக் குறையாத பரிசோதகர் ஒருவரை இரவு வேளையில் வண்டியில் அமர்த்தி, தெருத்தெருவாகச் சென்று, எந்தப் பலகை அவர் கண்ணுக்குத் தெரியவில்லையோ அதை மாற்றிவிடலாம் என்கிறது அந்த விதி. கிழவர் கண்ணுக்குத் தெரிவது எல்லார் கண்ணுக்கும் தெரியும் என்பது அதன் தத்துவம். அத்தகைய இரவுகளில் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெழுதுகிற வேலை பெரும்பாலும் பழகுநருக்குத்தான் வாய்க்கும்; தம் இளங்கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரிகிற பலகையைப் பெரியவர் வேண்டாம் என்று தள்ளும்போது, அவர் மறுபேச்சின்றி எழுதிக்கொள்ள வேண்டியதுதான். அரசாங்க விதிகளில் முதுமையை ஒரு தகுதியாக மதிக்கும் விதி இதுபோல் வேறொன்று நான் அறிந்ததில்லை.

பலகையை நாட்டுவதற்குக் குழி தோண்டுமுன், 811 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவித்தாகவேண்டும். மின்சாரக் கம்பெனியும் வாயுக் கம்பெனியும் தண்ணீர்த் துறையும் ஆள் அனுப்பித் தத்தம் குழாயும் கம்பியும் பூமிக்குள் போகும் பாதையை வர்ணத்தால் கோடிட்டுக் காட்டும்: சிவப்பு என்றால் மின்சாரம், மஞ்சள் என்றால் எரிவாயு, நீலம் என்றால் குடிநீர், பச்சை என்றால் சாக்கடை. அதற்கப்பால் தோண்டி, துளைகள் நிறைந்த சதுரக் குழாயை நிலத்துக்குள் உறையாக இறக்கி, அதற்குள்ளே கம்பத்தைச் செருகிப் போல்ட்டு முடுக்குகிறார்கள். ஊருக்குள்ளே பலகையின் அடிவிளிம்பு ஏழடிக்குத் தாழக்கூடாது. நடந்து போகிறவரின் தலையும் இடிக்கக்கூடாது, நிறுத்தியிருக்கும் வண்டியும் மறைக்கக்கூடாது அல்லவா?

இந்தக் கம்பம் ஏன் இவ்வளவு மெலிந்ததாக இருக்கிறது, காங்கிரீட்டு ஊற்றித் தடித்த இரும்பாக நாட்டினால் நூறு வருஷம் நிற்குமே என்று புதியவர் கேட்பது இயல்பு. பதில் இதுவே: வழி தவறி வந்த கார் மோதினால், கம்பம் தரைமட்டத்தில் ஒடிந்து காருக்கு இடம் விட்டுவிட வேண்டும்; அசையாமல் நின்றால் அது காருக்குள் இருப்பவரின் உயிரைக் குடித்துவிடும். இந்தத் தொழிலில் பலமான கம்பமே பாதகமான கம்பம். ஒடிந்த கம்பத்தைப் பிடுங்கிவிட்டு உறைக்குள் வேறொன்றைச் செருகுவதற்கு அதிக நேரம் பிடிக்காது.

பலகையின் உருவத்திலும் இதே முன்யோசனை மறைந்திருக்கிறது. 1923-ஆம் ஆண்டளவில், மிஸிஸிப்பிப் பள்ளத்தாக்கு மாநிலங்களின் நெடுஞ்சாலை அதிகாரிகள் கூடி, அபாயம் அதிகமாக ஆகப் பலகைக்குப் பக்கங்களும் அதிகமாக வேண்டும் என்று ஒரு முடிவுக்கு வந்தார்கள். பக்கங்களுக்கு முடிவே இல்லாத வட்டம் ரெயில்வே கேட்டுக்கு. எட்டுக் கோணம் ‘ஸ்டாப்’ பலகைக்கு. முனையில் நிறுத்திய சதுரம் எச்சரிக்கைக்கு. சாதாரணத் தகவலுக்கு நீண்ட சதுரம். எழுத்தைப் பனி மூடினாலும், எதிர்ச்சாரியில் வருகிறவருக்குப் பலகையின் முதுகு மட்டுமே தெரிந்தாலும், வடிவத்தைக் கொண்டே பொருளை உணர்ந்துகொள்ளலாம். ‘ஸ்டாப்’ பலகை அப்போது சிவப்பாக இல்லை என்பதும் பலருக்குத் தெரியாது. மங்காமல் நிலைக்கிற சிவப்பு அக்காலத்தில் கிட்டாததால் 1954 வரையில் அது மஞ்சளாகவே இருந்தது. 1935-இல் முதன்முதலாக வெளியாகி, 2023-இல் பதினோராம் பதிப்பை எட்டியிருக்கும் தேசியக் கையேடு ஒன்று இந்த நிறங்களையும் அளவுகளையும் உயரங்களையும் நாடு முழுவதற்கும் ஒன்றாக வகுத்திருக்கிறது. பழகுநரின் வேதம் அதுதான்.

ஸ்டாப் பலகை விழுந்துவிட்டது என்று தகவல் வந்தால், நடுநிசியானாலும் ஆள் போயாகவேண்டும். மற்றப் பலகைகள் விடியும் வரை காத்திருக்கலாம். ஃபுளோரிடா மாநிலத்தில், ஹில்ஸ்பரோ கவுண்டியில், 1996-ஆம் ஆண்டு ஒரு கிராமத்துச் சந்தியில் ஸ்டாப் பலகை தரையில் கிடந்த வேளையில், நிற்கவேண்டும் என்பதை அறியாமல் சந்திக்குள் புகுந்த காரில் லாரி மோதி மூன்று இளைஞர்கள் மாண்டார்கள். பலகைகளை விளையாட்டுக்காகப் பிடுங்கிக்கொண்டு போகும் வழக்கம் அந்நாட்டு வாலிபர்களிடையே இருந்துவந்தபடியால், அந்த விபத்தையொட்டி எழுந்த வழக்கு தேசமெங்கும் பேசப்பட்டது. கம்பத்தின் போல்ட்டைச் சாதாரணச் சாவியால் கழற்ற முடியாதபடி விசேஷ மறையாகப் போடச் சொல்லும்போது, மூத்தவர்கள் இத்தகைய கதைகளைத்தான் சொல்கிறார்கள்.

இனி விளக்குக்கு வருவோம். சந்தியின் மூலையில் ஆளுயரத்துக்கு நிற்கும் அலுமினியப் பெட்டியைப் பார்த்தவர் பலர் இருப்பார்கள். அதனுள்ளே என்ன இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தவர் சிலரே. கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது மின்சாரமாக இராது, குளவிக்கூடாக இருக்கலாம். கதகதப்பான பெட்டி பூச்சிகளுக்குச் சொர்க்கம். அப்பால், எந்தத் திசைக்கு எத்தனை விநாடி என்று தீர்மானிக்கிற கம்ப்யூட்டர் ஒன்று. அதன் சொற்படி விளக்குகளுக்கு 120 வோல்ட் மின்சாரத்தை விடுத்தும் தடுத்தும் நிற்கிற சுவிட்சுகளின் வரிசை. வெப்பத்தை வெளியேற்றும் விசிறி. இடி மின்னலைத் தாங்கும் காப்பு. பெட்டியின் பக்கவாட்டில் போலீஸ்காரருக்கென்று தனிச் சாவியோடு ஒரு சின்னக் கதவும் உண்டு. ஊர்வலமோ விபத்தோ நேர்ந்தால், பெரிய கதவைத் தொடாமல் அவர் அதைத் திறந்து விளக்கைத் தம் கையால் நடத்தலாம்.

இவற்றுக்கிடையே தனித்து ஒரு கருவி அமர்ந்திருக்கிறது. அதற்கு விளக்கை ஏற்றும் வேலையும் இல்லை, அணைக்கும் வேலையும் இல்லை. வடக்கே போகிற பச்சையும் கிழக்கே போகிற பச்சையும் எக்காரணத்தாலாவது ஒருசேர எரிகின்றனவா என்று இடைவிடாமல் வேவு பார்ப்பது ஒன்றே அதன் உத்தியோகம். மின்னல் தாக்கியோ, ஒயர் உராய்ந்தோ, கம்ப்யூட்டரின் புத்தி பேதலித்தோ அப்படி நேர்ந்தால், அரை விநாடிக்குள்ளாக அது கம்ப்யூட்டரின் அதிகாரத்தைப் பறித்து, சந்தி முழுவதையும் மினுக்கு விளக்குக்குத் தள்ளிவிடும். நாற்புறமும் சிவப்பு மினுக்கினால், எல்லாத் தெருவிலும் ஸ்டாப் பலகை இருப்பதாகப் பாவித்து, ஒவ்வொருவரும் நின்று முறை பார்த்துச் செல்லவேண்டும். போக்குவரத்து நத்தை வேகத்தில் நகரும். ஓட்டுகிறவர்கள் நகராட்சியைச் சபிப்பார்கள். ஆனால் இருவருக்கு ஒரே நேரத்தில் பச்சை காட்டி மோதவிட்ட பாவம் அந்தப் பெட்டிக்குச் சேராது.

மினுக்கிக்கொண்டிருக்கும் சந்திக்கு அனுப்பப்படுகிற பழகுநருக்குக் கை துறுதுறுக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் விளக்கு பழையபடி ஓடத் தொடங்கிவிடும். அழுத்தக்கூடாது என்பதுதான் பாடம். எந்த வேளையில், எந்த இரு விளக்குகள் முரண்பட்டன என்று அந்தக் கருவி பதிந்து வைத்திருக்கும் குறிப்பை முதலில் படித்து, காரணத்தைக் கண்டு, கம்பத்தின் உச்சியில் எலி கடித்த ஒயரோ, பெட்டிக்குள் ஒட்டிக்கொண்ட ரிலேயோ அகப்பட்ட பிறகே பொத்தானைத் தொடவேண்டும். இந்தக் காவற்கருவி தானே ஒழுங்காக இருக்கிறதா என்று அறிய, காலந்தோறும் அதைக் கழற்றிக்கொண்டு போய், வேண்டுமென்றே பொய்யான முரண்பாடுகளை ஊட்டிச் சோதிக்கிறார்கள். ஒருமுறையேனும் அது தன் கடமையில் தவறியது தெரிந்தால் உடனே மாற்றிவிடுவார்கள். அதன் விஷயத்தில் தயவு தாட்சண்யம் கிடையாது.

வண்டி வந்து நிற்பது விளக்குக்கு எப்படித் தெரிகிறது என்பது பொதுஜனங்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி. பாரத்தினால் என்று நினைக்கிறவர்கள் அநேகர், அது தவறு. தார்ச் சாலையில் ஏறக்குறைய ஆறடிச் சதுரமாக மெல்லிய வெட்டுவாய் ஒன்றை வட்ட ரம்பத்தால் அறுத்து, அதற்குள் ஒயரை மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, மேலே பிசின் போன்ற கலவையை ஊற்றி மூடிவிடுகிறார்கள். அந்தச் சுருளில் எப்போதும் மின்னலைகள் ஓடிக்கொண்டிருக்கும். உலோகம் மேலே வந்து நின்றால் அலைகளின் அதிர்வெண் மாறுகிறது, அந்த மாற்றத்தைப் பெட்டியிலுள்ள கருவி உணர்கிறது. சதுரத்தின் மூலைகளைச் செங்கோணமாக அறுக்காமல் சாய்வாக அறுக்கவேண்டும். இல்லாவிட்டால் கூரிய முனையில் வளைந்த ஒயரின் உறை, லாரிகள் ஏறி ஏறி நாளடைவில் கிழிந்துபோகும். சைக்கிளில் வந்து சதுரத்தின் நட்டநடுவில் நிற்கிறவருக்குப் பச்சை விழாமலே போவதுண்டு. அவர் சக்கரத்தை வெட்டுவாய்க் கோட்டின்மேல் நிறுத்தினால், அதே சைக்கிளைக் கருவி கண்டுகொள்ளும். எங்கே நிற்கவேண்டும் என்று காட்டுவதற்குத் தரையில் ஒரு சைக்கிள் சித்திரம் தீட்டுவதும் இந்தப் பட்டறையின் வேலைதான்.

கூடை வைத்த லாரியில் ஏறி விளக்கைத் தொடும் நாள் பழகுநருக்கு ஒரு திருநாள். சாலையின் மேல் தொங்கும் விளக்கின் அடி 15 அடிக்குத் தாழக்கூடாது. இடுப்பிலும் தோளிலும் கச்சை பூட்டிக்கொண்டு, அருகே ஓடும் உயரழுத்த மின்கம்பிக்குப் பத்தடியாவது விலகி நின்று வேலை பார்க்க வேண்டும். முற்காலத்துக் குண்டு விளக்கு நூறு வாட்டுக்கு மேல் மின்சாரம் உண்டு, அடிக்கடி இழை அறுந்து அணைந்துபோகும், இப்போதைய எல்.இ.டி. விளக்கு அதில் பத்தில் ஒரு பங்கைக் கொண்டு பல வருஷம் எரிகிறது. ஆனால் பழைய விளக்கின் சூட்டில் தானே உருகி வழிந்த பனி, குளிர்ந்த எல்.இ.டி.யின் முகத்தில் அப்படியே அப்பிக்கொண்டு, வடதேசத்து நகரங்களில் சிவப்பா பச்சையா என்பதையே மறைத்துவிடுகிறது. மிச்சம் பிடித்த மின்சாரத்துக்கு ஈடாக, துடைப்பத்தோடு ஆள் அனுப்பவேண்டிய நிலை!

சிவப்பு எப்போதும் மேலே இருக்கும் என்பதும் நிறம் பிரித்தறியாத கண்ணுடையவர்களை முன்னிட்டு வகுக்கப்பட்ட ஏற்பாடே. இதற்குப் புகழ்பெற்ற விதிவிலக்கு ஒன்று நியூயார்க் மாநிலத்து சிரக்கூஸ் நகரத்தில், டிப்பரேரி ஹில் என்ற மேட்டில் இருக்கிறது. ஐரிஷ் குடிகள் நிறைந்த அந்தப் பேட்டையில், பிரிட்டிஷாருக்கு உரிய சிவப்பு தங்கள் தேசத்துப் பச்சைக்கு மேலே எரிவதா என்று 1920-களில் கல்லெறிந்து விளக்கை உடைத்துக்கொண்டே இருந்தார்களாம். கடைசியில் நகராட்சி பணிந்து பச்சையை மேலேற்றியது. இன்றும் அது அப்படியே எரிகிறது.

எந்த விளக்கு எத்தனை விநாடி எரியவேண்டும் என்பதை நிர்ணயிக்கும் அதிகாரம் எஞ்சினியருடையது. பழகுநர் அதில் கைவைக்கலாகாது. மஞ்சள் மூன்று விநாடிக்குக் குறையவும் ஆறுக்கு மிகவும் கூடாது. தெருவைக் கடப்பவர் விநாடிக்கு மூன்றரை அடி நடப்பார் என்று கணக்கிடவேண்டும். இந்தக் கணக்கு முன்பு நான்கு அடியாக இருந்தது. வயோதிகரையும் ஊன்றுகோல் பிடித்தவரையும் மனத்தில் கொண்டு 2009-இல் குறைத்தார்கள். ஆனாலும் சிவப்பு நெடுநேரம் எரிகிறது என்று தொலைபேசியில் சீறுகிற குடிமக்களுக்குப் பதில் சொல்லும் கடமை மட்டும் பட்டறைக்கு வந்து சேருகிறது.

பயிற்சிக் காலத்துக்குள் கனரக வண்டி லைசென்ஸும், 1896-இல் நகராட்சி மின்சாரக்காரர்களின் சங்கமாகத் தொடங்கிய சர்வதேச நகராட்சி சிக்னல் சங்கத்தின் முதற்படிச் சான்றிதழும் பெற்றாகவேண்டும் என்று பல நகராட்சிகள் நிபந்தனை விதிக்கின்றன. தேறியவர் தொழில்நுட்பராக உயர்வார். புயலடித்த இரவுகளில் முறைவைத்து விழித்திருக்கும் பொறுப்பும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

நம் நாட்டுப் பலகைகளை இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த ஐ.ஆர்.சி. 67 என்னும் விதித்தொகுப்பு ஆளுகிறது. அமெரிக்கர் எச்சரிக்கைக்கு மஞ்சள் நிறத்தைக் கையாளும் இடத்தில் நாம் சிவப்புக் கரையிட்ட முக்கோணத்தை வைக்கிறோம். ஸ்டாப் பலகை மட்டும் இங்கும் எட்டுக் கோணந்தான். விதியில் குறைவில்லை. பலகையின் முகத்தில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியையும் டியூஷன் விளம்பரத்தையும் ஒட்டுகிற வழக்கம் அந்த நாட்டுப் பட்டறைக்காரர் ஒருவருக்கும் விளங்காது. நமக்கு அது கண்ணில்கூடப் படுவதில்லை. வாசகர்களை நான் வேண்டிக்கொள்வது சிறிய காரியம்: உங்கள் தெருமுனைப் பலகையின்மேல் எவரையும் எதையும் ஒட்டவிடாதீர்கள், உங்கள் வீட்டு வேம்பின் கிளை அதை மறைத்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே கழித்துவிடுங்கள், சந்தி விளக்கு அணைந்து கிடக்கக் கண்டால், வேறொருவர் சொல்லியிருப்பார் என்று எண்ணிப் போய்விடாமல், இடத்தைக் குறிப்பிட்டுப் போக்குவரத்துப் போலீசாருக்குத் தெரிவியுங்கள்.